மிதவை விமானத்துக்கு வைத்த சந்தனப் பொட்டு

1

நாங்கள் இந்த நாட்டில் வந்திறங்கிய நாளை வருடா வருடம் பாயாசம் காய்ச்சிக் கொண்டாடுவோம். காலையில் கோயில், மத்தியானம் பாயாசம், அதற்குப் பிறகு நான் பழைய கதை சொல்ல, வீட்டில் உள்ளவர்கள் போனைப் பார்த்தபடி தலையாட்டுவார்கள். இந்த வருடம் அந்தப் பாயாசத்தை ஓர் ஆற்றங்கரையில், மரப்பலகை போட்ட இறங்குதுறையில் வைத்துக் குடித்தோம். விமானம் ஓட்டப் படிப்பிக்கிற ஒரு வெள்ளைக்காரி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தாள். இதை ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்லாமல் எனக்கு நித்திரை வராது.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுச் செல்விதான் கொம்பியூட்டரில் அடிக்கிறாள். செல்வி மதுரைப் பக்கத்துப் பிள்ளை. என்னுடைய பேச்சை நல்ல தமிழாக்கிப் போடுகிறேன் என்று நிற்கிறாள். அதற்கு நான் சம்மதம். ஆனால் நான் கதிரை என்றால் அவள் நாற்காலி என்று அடிக்கிறாள்.

"பாட்டி, படிக்கிறவங்களுக்குப் புரியணும்ல?"

"எங்கட சனத்துக்குக் கதிரை விளங்கும். நீ கதிரை எண்டே போடு பிள்ளை."

"சரி, போட்டுட்டேன். கத்தாதீங்க."

ஆகவே இதில் எங்காவது நாற்காலி வந்தால் அது செல்வியினுடையது.

2

சிட்னிப் பக்கம் டூங்கபியில் எங்கள் வீட்டில் நான், என் மகள் வசந்தி, மருமகன், பேத்தி ஆரணி, இவ்வளவு பேர்தான். மருமகன் ரயில் ஓட்டுகிறவர். வாய் திறக்க மாட்டார். அவருடைய பங்கையும் சேர்த்து நான் கதைக்கிறேன்.

ஆரணி விமானம் ஓட்டுவாள். இதை நான் ஊருக்குப் போன் எடுத்துச் சொன்னபோது நீங்கள் சிலர் நம்பவில்லை. "விமானத்துக்குள்ள சாப்பாடு குடுக்கிறதோ?" என்று கேட்டீர்கள். இல்லை, முன்னுக்கு இருந்து ஓட்டுகிறது. சம்பளத்துக்கு ஆட்களை ஏற்றி ஓட்டலாம் என்கிற பெரிய லைசென்ஸே அவளிடம் இருக்கிறது. அதற்காக அவள் பட்ட பாடு! கண் பார்க்க ஒரு டொக்டர், நெஞ்சு பார்க்க ஒரு டொக்டர், நீ யார் என்று நிரூபிக்க ஒரு கந்தோர், உன்னால் நாட்டுக்கு ஆபத்தில்லை என்று நிரூபிக்க இன்னொரு கந்தோர். இங்கே பிறந்த பிள்ளை அவள். அவளையே அவ்வளவு கேள்வி கேட்டார்கள். என்னைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ? என் பிறந்த நாளே எனக்குத் தெரியாது. குடிவரவுக் கந்தோரில் மாதமும் திகதியும் சொல்லச் சொன்னார்கள், நான் மழைக்காலம் என்றேன். தை முதலாம் திகதி, அதுதான் ஜனவரி ஒன்று, என்று போட்டுவிட்டார்கள். என் வயதில் இங்கே கோயிலுக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேருக்கு தை முதலாம் திகதிதான் பிறந்த நாள். எல்லாரும் ஒரே நாளில் பிறந்த சனம் நாங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆரணியின் பெரிய லைசென்ஸ் தரையில் ஓடுகிற சில்லு வைத்த விமானத்துக்கு உரியது. சில்லுக்குப் பதிலாக அடியில் இரண்டு வள்ளத்தைக் கட்டியது போன்ற விமானமும் இருக்கிறது. அது தண்ணீரிலிருந்து எழும்பித் தண்ணீரில் இறங்கும். அந்த வள்ளங்களை மிதவை என்கிறார்கள். அதை ஓட்ட வேண்டுமென்றால் இருக்கிற லைசென்சோடு இன்னொரு அனுமதியைச் சேர்க்க வேண்டும். புதிதாகப் பெரிய சோதனை எழுதத் தேவையில்லை. படிப்பிக்கிறவர் கூட இருந்து பறந்து, இந்தப் பிள்ளைக்கு இது கைவந்துவிட்டது என்று திருப்திப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் என்பதற்குள்தான் எங்கள் வீட்டின் முழுச் சண்டையும் இருந்தது.

லைசென்ஸ் எடுத்த பிறகு ஆரணிக்கு ஓட்டுகிற வேலை கிடைக்கவில்லை. அனுபவம் இருந்தால் வேலை, வேலை இருந்தால் அனுபவம். ஹோக்ஸ்பரி ஆற்றில் மிதவை விமானம் ஓட்டுகிற ஒரு சின்னக் கொம்பனியில் இறங்குதுறையில் கயிறு பிடிக்கிற வேலைக்குப் போனாள். விமானம் வந்தால் கட்டுவது, போனால் அவிழ்ப்பது, பெட்டி தூக்குவது. வசந்திக்கு அது பெரிய மானக்கேடு. கோயிலில் ஆராவது "மகள் என்ன செய்யிறா?" என்று கேட்டால், "அவ படிச்சுக்கொண்டிருக்கிறா" என்று சொல்லிவிட்டு வேகமாகச் சுவாமி கும்பிடப் போய்விடுவாள்.

கடைசியில் தாயும் மகளும் குசினியில் நின்று ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு சாட்சியாக இருந்தேன்.

"தைப்பொங்கலுக்குள்ள பறக்கிற வேலை கிடைக்கேல்லையெண்டா நான் திரும்ப யூனிக்குப் போறன். அக்கவுண்டிங் படிக்கிறன். ஓகே?"

"அம்மம்மாவுக்கு முன்னால சொல்லு."

"அம்மம்மாவுக்கு முன்னாலதான் சொல்றன். பிராமிஸ்."

ஆரணி சொன்ன சொல் தவறாத பிள்ளை. அதுதான் எனக்குப் பயம்.

பிறகு ஒரு நாள் கொம்பனியில் ஓட்டுகிற பெடியன் ஒருவன் வடக்கே வேலை கிடைத்துப் போகிறான் என்று தெரியவந்தது. கொம்பனிக்காரர் ஆரணியைக் கூப்பிட்டு, "கோடைச் சனம் வரமுன் தண்ணீர் அனுமதியை எடு, திங்கட்கிழமைக்குள் கையெழுத்தோடு வா, அந்தக் கதிரை உனக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள் இருக்கிறார்" என்று சொன்னார்கள். படிப்பிக்கிற ஜூன் என்கிற பெண் அந்த ஞாயிற்றுக்கிழமையே தன் விமானத்தோடு வடக்கே போகப்போகிறாள். ஆக, சனிக்கிழமை ஒன்றுதான் மிச்சம். அதுவும் நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த நாள்.

3

வசந்தியை நீங்கள் தப்பாக நினைக்கக்கூடாது. வேறு தாய்மார் மகள் டொக்டராகவில்லையே என்று அழுவார்கள். இவளுடைய பிரச்சினை அது இல்லை.

அனலைதீவிலிருந்து இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டின் பின்பக்கம் நாங்கள் இருந்த காலத்தில், குண்டு போடுகிற பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டால் முதலில் ஓடுகிறவள் வசந்திதான். சின்னப் பிள்ளை. எனக்குக் கேட்கிறதுக்கு முன்னமே அவளுக்குக் கேட்டுவிடும். பங்கருக்குள், அதுதான் பதுங்கு குழிக்குள் போய், இரண்டு காதுக்குள்ளும் விரலை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள். சத்தம் போன பிறகும் விரலை எடுக்க மாட்டாள். நான்தான் பிடித்து இழுத்து எடுக்க வேண்டும். ஒருமுறை அடுப்பில் இருந்த புட்டு கருகிப்போய்விட்டது என்று நான் அழ, அவள் காதுக்குள் விரலோடே அந்தக் கருகின புட்டைத் தின்னப் பார்த்தாள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

அந்த வசந்தியின் வயிற்றில் பிறந்தது, தவழுகிற வயதிலேயே ஆகாயத்தைக் காட்டிக் கை தட்டியது. சிட்னியில் வீட்டுக்கு மேலால் விமானம் போகும்போதெல்லாம் தாய் உள்ளே ஓட, பிள்ளை வெளியே ஓடும். நான் நடுவில் நின்று ஆருக்குப் பின்னால் போவது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன்.

அதனால் வசந்தி ஒரு நாளும் ஆரணி பறப்பதைப் பார்க்கப் போனதில்லை. எனக்கு அந்தப் பயம் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் தெரியாது. என்னுடைய பங்குப் பயத்தையும் அவளே எடுத்துக்கொண்டாளோ என்னவோ.

4

நான் பலமுறை போயிருக்கிறேன். செல்வி தன் காரில் கூட்டிக்கொண்டு போவாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் தொப்பியோடு இருந்து எல்லாவற்றையும் பார்ப்பேன்.

ஜூனுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். வெயிலில் வெந்து தோல் எல்லாம் சுருங்கி, வெறும் காலோடு நடப்பாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நல்லாக் கதைப்போம். அவள் தன் முழங்காலைத் தட்டிக் காட்டுவாள், நான் என் இடுப்பைத் தட்டிக் காட்டுவேன். விளங்கிவிடும்.

விமானம் என்றால் ஏதோ பெரிய வித்தை என்று நினைத்துப் போனேன். போய்ப் பார்த்தால், காலையில் முதல் வேலை மிதவைக்குள் கசிந்த தண்ணீரைக் கைப்பம்பால் இறைப்பது. வள்ளத்தில் தண்ணீர் இறைக்கிற அதே வேலை. ஒரு துடுப்பும் கட்டி வைத்திருக்கிறார்கள். இஞ்சின் நின்றால் வலிக்கிறதுக்காம்! எனக்குச் சிரிப்புத் தாங்க முடியவில்லை.

"என்னடி பிள்ளை, இவ்வளவு படிச்சுப்போட்டுத் துடுப்புப் போடப் போறியோ?"

"சிரிக்காதைங்கோ அம்மம்மா. இதுக்கு பிரேக் இல்லை. இஞ்சின் ஸ்டார்ட் ஆனாலே ஓடத் தொடங்கிடும். நிப்பாட்ட ஏலாது. தண்ணியில நிக்கேக்க இது போட், எழும்பினாத்தான் பிளேன்."

இரண்டையும் தெரிந்திருக்க வேண்டும் என்றாள். காற்று எந்தப் பக்கம், தண்ணீரின் ஓட்டம் எந்தப் பக்கம், மீன் பிடிக்கிற வள்ளம் எங்கே என்று பார்த்துப் பார்த்து இறக்க வேண்டும். அவளுக்கு எல்லாம் வந்தது. ஒன்றுதான் வரவில்லை. காற்றில்லாமல் தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கிற நேரத்தில் இறக்குவது. நாங்கள் பார்க்க அது எவ்வளவு வடிவு! ஆனால் மேலிருந்து பார்க்கிறவளுக்குத் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதாம். வானமும் மரமும் அதற்குள்ளும் தெரியும். இன்னும் உயரம் இருக்கிறது என்று நினைக்க, மிதவை போய் அடிக்கும். முந்தின கிழமை அப்படித்தான் அடித்து, தவளை மாதிரித் துள்ளி, ஜூன்தான் பிடித்து நேராக்கினாள். அன்றைக்கு ஆரணி வீட்டுக்கு வந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

5

இனி நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும்.

புதுக் கார் வாங்கினால் நாங்கள் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோவோம். ஐயர் பூசை செய்து, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய், செல்வியின் பேச்சில் எலுமிச்சம்பழம், வைத்து, அதன் மேல் ஏற்றி நசித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவோம். எங்கள் வீட்டில் அப்படிப் பூசை செய்யாமல் ஒரு வாகனமும் ஓடியதில்லை. செல்வியின் புருஷன் காருக்கும் நான்தான் கட்டாயப்படுத்தினேன். இந்த விமானத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோக வழியில்லை. சில்லும் இல்லை, தேசிக்காய் எங்கே வைப்பது? ஆகவே வெள்ளிக்கிழமை கோயிலில் ஐயரிடம் சந்தனமும் குங்குமமும் கேட்டு வாங்கி, தோடம்பழச் சாறு வந்த சின்னப் போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை காலையில் செல்வியோடு போய்ச் சேர்ந்தேன்.

வசந்தி வரவில்லை. "பாயாசம் காய்ச்ச வேணும்" என்றாள்.

ஆற்றில் சின்னச் சின்ன நெளிவு, நல்ல மெல்லிய காற்று. இறக்குவதற்குத் தோதான தண்ணீர் என்று எனக்கே தெரிந்தது. ஆரணி உள்ளே காலநிலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூன் கொஞ்சம் தள்ளிக் கரையில் எண்ணெய் விஷயமாக ஆரோடோ கதைத்துக்கொண்டிருந்தாள். நான் சந்தனக் கிண்ணத்தைக் காட்டி "குட் லக்" என்றேன். அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அனுமதி கிடைத்துவிட்டது.

விமானத்தின் மூக்கு எனக்கு எட்டவில்லை. "செல்வி, கையைப் பிடி" என்று சொல்லி மிதவையில் கால் வைத்து ஏறினேன். லோஞ்சிலும் வள்ளத்திலும் ஏறி இறங்கி வளர்ந்த எனக்கு அது ஒரு பொருட்டில்லை. செல்விதான் கத்தினாள்.

"பாட்டி! விழுந்துருவீங்க! ஐயோ, எங்க வீட்டுக்காரரு என்னைத் திட்டுவாரு!"

"நீ பேசாமல் பிடி."

விமானத்தின் பக்கவாட்டில், என் கண்ணுக்கு நேரே, சின்ன வட்டமான தகடு ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. நடுவில் குட்டி ஓட்டை. சுற்றி சிவப்பில் ஏதோ எழுதியிருந்தது. பொட்டு வைக்கவென்றே செய்த நெற்றி போல இருந்தது. நல்லாக் குழைத்து, அழுத்தி, ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். அதன் நடுவில் குங்குமம். கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க, விமானம் கலியாணப் பெண் மாதிரி இருந்தது.

செல்வி இதை அடிக்கும்போது சொல்கிறாள், அந்த எழுத்தை அவள் பார்க்கவே இல்லையாம். என் சீலைத் தலைப்பையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

6

பறக்க முன்னம் ஓட்டுகிறவர் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஜூன் கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். ஆரணி தொட்டுத் தொட்டு வந்தாள். இறக்கையைத் தட்டினாள், எண்ணெய் பார்த்தாள், மிதவையைப் பம்பினாள். அந்தத் தகட்டுக்கு வந்ததும் நின்றாள். விரலால் தடவினாள். விரலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அம்மம்மா. என்ன செய்தனீங்கள்?"

"சந்தனம் பிள்ளை. கோயில் சந்தனம்."

"அந்த ஓட்டையாலதான் இது எவ்வளவு உயரத்தில நிக்குது எண்டு எனக்குத் தெரியும். அதை அடைச்சா மீட்டர் எல்லாம் பிழையாக் காட்டும்."

நான் சந்தனக் கிண்ணத்தைச் சீலைத் தலைப்புக்குள் ஒளித்தேன்.

அவள் துணியால் துடைத்தாள். தகடு பழையபடி மினுங்கியது. போன் வெளிச்சத்தை அடித்து ஓட்டைக்குள் பார்த்தாள். ஜூன் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் தொலைவில் நின்றாள். அங்கே என்ன நடக்கிறது என்று எங்கள் மூன்று பேருக்கும்தான் தெரியும்.

"போயிட்டுதுதானே பிள்ளை. ஏறு. காத்து நல்லா இருக்கு," என்று மெல்லமாகச் சொன்னேன். என்னுடைய அந்தரமும் அவசரமும் அப்படி.

"மேல துடைச்சாச்சு அம்மம்மா. உள்ள போயிருக்கு. தெரிஞ்சுகொண்டு ஏற ஏலாது."

"ஜூனுக்குச் சொன்னால் இண்டைக்கு விடுவாவே?"

"தெரியேல்லை."

அவள் நேராக ஜூனிடம் போய்ச் சொன்னாள். நான் செல்வியின் கையைப் பிடித்தேன். ஜூன் வந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஆகாயத்தைப் பார்த்தாள். விமானம் திருத்துகிறவன் வந்து குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து சரி என்று சொல்லாமல் இது எழும்பாது என்றாள். அவன் அக்கரையில் இருக்கிறானாம். மகனின் கிரிக்கெட் முடியத்தான் வருவானாம்.

காலைப் பறப்பு போய்விட்டது.

எனக்கு ஒரு பழக்கம், ஏதாவது குழம்பினால் வசந்திக்குப் போன் எடுப்பேன். போனில் அவள் படத்தை அமத்தினால் போதும். "பிள்ளையள் பசியோட நிக்குதுகள், சோறும் பாயாசமும் கொண்டு வா" என்றேன். காரணம் சொல்லவில்லை. ஒரு நாளும் வராதவள், என் குரலில் என்ன கேட்டதோ, வந்துவிட்டாள். காரால் இறங்கி, தண்ணீரில் நிற்கிற விமானத்தைத் தூரத்தில் வைத்தே பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். உள்ளுக்குள் ஒரு நினைப்பு எனக்கு. இவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும், பறப்பு நின்றால் மகள் கணக்குப் படிக்கப் போவாள்.

"அம்மா! உங்களுக்கு விசரே? அவளின்ர சோதனை நாள் பாத்து இதைச் செய்தனீங்களே!"

"நான் நல்லதுக்குத்தான்..."

"நல்லதுக்கு! பிள்ளை எத்தினை மாதம் கயிறு பிடிச்சுக் கையெல்லாம் கிழிஞ்சு வந்தவள். உங்களுக்குத் தெரியாதே? நான்தானே மருந்து போட்டனான்!"

எனக்குத் தெரியாது. இவள் மருந்து போட்டது எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஆரணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சோற்றுப் பாசலை வாங்கிக்கொண்டு, "அம்மா, அம்மம்மாவைத் திட்டாதைங்கோ. ஷீ டிடின்ட் நோ, அவவுக்குத் தெரியாது" என்றாள்.

7

திருத்துகிறவன் பிந்தித்தான் வந்தான். மகனின் அணி தோற்றுவிட்டதாம், முகம் அப்படி இருந்தது. குழாயைக் கழற்றி, ஊதி, கருவி வைத்துப் பார்த்து, சந்தனத்தை ஒரு துணியில் எடுத்து எனக்குக் காட்டினான். பட்டாணி அளவு இருந்தது. வெட்கத்தில் அதை வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டேன். வேறென்ன செய்வது, கோயில் சந்தனம்.

அதற்குள் காற்று விழுந்துவிட்டது. நெளிவு எல்லாம் போய், ஆறு விரித்து வைத்த கண்ணாடி மாதிரிக் கிடந்தது. அக்கரை மரங்கள் தலைகீழாக நின்றன.

வசந்தி சந்தோஷமாகச் சொன்னாள், "தண்ணி நல்ல அமைதியா வந்திட்டுது. இனிச் சுகம்தானே?"

ஆரணி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "அதுதானம்மா கஷ்டம்."

ஜூன் ஏறுகிறாயா என்றும் கேட்கவில்லை, விடுகிறாயா என்றும் கேட்கவில்லை. ஆரணி திரும்பவும் முதலிலிருந்து விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டாள். அந்தத் தகட்டையும் தொட்டாள். தொடும்போது என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் தூக்கி வெறுங்கை என்று காட்டினேன். அப்போதுதான் அவள் ஒழுங்காகச் சிரித்தாள்.

ஜூனும் பக்கத்தில் ஏறி இருந்தாள், கயிற்றை அவிழ்த்தார்கள். இஞ்சின் இரைந்ததும் பக்கத்தில் பார்த்தேன். வசந்தியின் இரண்டு விரலும் காதுக்குள் போய்விட்டன. தாயான வயதிலும் அதே விரல், அதே காது. ஆனால் கண்ணை மூடவில்லை. விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி, எழும்பி, மலைக்குப் பின்னால் போய், திரும்பவும் வளைந்து வரும் வரைக்கும் அவள் கண் அதை விட்டு விலகவில்லை.

ஆரணி நடு ஆற்றில் இறக்கவில்லை. கரையோடு ஒட்டி வந்தாள். கரை மரங்கள் பக்கத்தில் இருந்தால் உயரம் மட்டுக்கட்டலாம் என்று பிறகு சொன்னாள். தண்ணீரைத் தேடிப் பார்க்கவே கூடாதாம். மூக்கைக் கொஞ்சம் தூக்கி, இஞ்சினைக் கொஞ்சம் ஓட விட்டு, மெல்ல மெல்லப் பதித்துக்கொண்டே வர வேண்டும். அது தானாகத் தொடும் வரை பொறுக்க வேண்டும். எங்களுக்கு அது தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது, மேலே ஒரு விமானம் வருகிறது, தண்ணீருக்குள்ளிருந்து இன்னொரு விமானம் அதைப் பார்த்து எழும்பி வருகிறது. இரண்டும் கிட்டக் கிட்ட வந்தன. செல்வி "முருகா, முருகா" என்றாள். இரண்டு விமானத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. துள்ளவில்லை. கோடு நீண்டுகொண்டே வந்தது.

இறங்குதுறைக்குக் கிட்ட வந்ததும் இஞ்சினை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து, மிதவையில் இறங்கி, கயிற்றை எறிந்தாள். எறிந்த கயிறு வசந்தியின் காலடியில் விழுந்தது. வசந்தி காதிலிருந்து விரலை எடுத்துக் கயிற்றைப் பிடித்தாள். ஆரும் இழுத்து எடுக்கவில்லை, தானாக எடுத்தாள்.

ஜூன் உடனே கையெழுத்துப் போடவில்லை. பாயாசத்தை ஊற்றிக் குடித்தாள். இன்னும் கொஞ்சம் என்று கிண்ணத்தை நீட்டினாள். முந்திரிகை வற்றலை, செல்வி சொல்கிற உலர்திராட்சையை, தேடித் தேடித் தின்றாள். பிறகு ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, பேனா கேட்டாள். செல்விதான் கொடுத்தாள். அதை இன்னும் திருப்பி வாங்கவில்லை என்று இப்போது சொல்கிறாள்.

ஆரணியிடம் ஜூன் ஏதோ சொன்னாள். ஆரணி எனக்குச் சொன்னாள்.

"இனி அந்த மஞ்சள் சாமானைப் பூச வேணுமெண்டா முதல் தன்னைக் கேக்கட்டாம், இடம் காட்டுறாவாம்."

"வேற ஒண்டும் சொல்லேல்லையே?"

"திங்கக்கிழமை கொம்பனிக்குப் போய் ஓம் எண்டு சொல்லு எண்டு சொன்னா."

8

முதல் சில கிழமை ஆரணிக்கு ஆட்களை ஏற்றத் தரவில்லை. றோட்டுப் போகாத இடங்களுக்குப் பாண் ரொட்டியும் பாலும் கொண்டுபோனாள். நான் எல்லாருக்கும் பெருமையாகச் சொன்னேன், என் பேத்தி பாண் விமானம் ஓட்டுகிறாள் என்று. பிறகு ஆட்களையும் ஏற்றத் தொடங்கினாள். வீட்டாரை ஒருமுறை ஏற்றலாம் என்று கொம்பனிக்காரர் விட்டார்கள். மருமகனுக்கு அன்றைக்கு ரயில். நானும் வசந்தியும் போனோம்.

ஏற முன்னம் எல்லாரையும் தராசில் ஏற்றி நிறுக்கிறார்கள். சின்ன விமானம், நிறை பார்க்க வேண்டுமாம். நான் உடனே ஏறி நின்றேன். வசந்தி காப்பைக் கழற்றினாள், செருப்பைக் கழற்றினாள், கைப்பையை என்னிடம் தந்தாள்.

"அம்மா, அந்த ஹாண்ட்பாக்கும் பிளேன்ல வருது," என்றாள் ஆரணி.

"நீ சும்மா இரு. சனத்துக்கு முன்னால."

பொட்டு வைக்கிற இடத்தை ஜூன் வடக்கிலிருந்து போனில் சொல்லியிருந்தாளாம். ஆரணி மிதவையில் கட்டியிருந்த துடுப்பை அவிழ்த்து என் மடியில் வைத்து, "இதுக்கு வையுங்கோ அம்மம்மா. எவ்வளவு வேணுமெண்டாலும்" என்றாள். துடுப்பின் வலிக்கிற தட்டில் சந்தனத்தால் மூன்று குறி இழுத்து, நடுவில் பொட்டு வைத்தேன். ஒரு தேசிக்காயையும் ஆற்றில் விட்டேன். அது மிதந்து போனது.

நான் முன்னுக்கு இருந்தேன். வசந்தி எனக்குப் பின்னால். காதுக்கு மேல் பெரிய மூடி தந்தார்கள், அதற்குள் ஆரணியின் குரல் கேட்டது. வசந்தி மூடிக்கு மேலால் இரண்டு கையையும் வைத்து அமத்தியிருந்ததைப் புறப்பட முன்னமே திரும்பிப் பார்த்தேன். எழும்பியதும் நான் என்ன பார்த்தேன் என்று சொல்லத் தொடங்கினால் செல்விக்கு இன்றைக்குச் சமையல் இல்லை. ஆறு, மலை, அதற்கு அப்பால் கடல். கடலைப் பார்த்து "எங்கட கடல் இதை விட நீலம்" என்று சொன்னேன். "ஓம் அம்மம்மா" என்றாள் ஆரணி, பார்க்காமலே. எனக்கு அது பிடித்திருந்தது. ஓட்டுகிறவள் றோட்டைப் பார்க்க வேண்டும்.

திரும்பி வரும்போது காற்று விழுந்து, தண்ணீர் திரும்பவும் கண்ணாடியாகிவிட்டது. ஆரணி கரையோடு ஒட்டிப் போனாள். மரங்கள் என் பக்கத்தில் மெல்ல மெல்ல உயர்ந்தன. ஒரு சரசரப்புக் கேட்டது, புதுச் சீலை மடிப்பை விரிக்கிற மாதிரி. பிறகு அதுவும் இல்லை. இறங்குதுறை எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

பின்னாலிருந்து வசந்தியின் குரல் காதுக்குள் வந்தது. "இறங்கப் போறமே பிள்ளை?"

"இறங்கி எவ்வளவு நேரம் அம்மா."

நான் திரும்பிப் பார்த்தேன். வசந்தி அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். ஜன்னலால் தண்ணீரைப் பார்த்தாள், மிதவையைப் பார்த்தாள், மகளின் பின்னந்தலையைப் பார்த்தாள். காதிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தாள்.

"அப்ப இன்னொருக்கா ஏத்து," என்றாள். "இந்த முறை நான் கண்ணை முழிச்சுக்கொண்டு இருக்கிறன்."